ஜெயிக்கக் கூடாத ஓட்டம்

கானிஷாயின் மகன் தெமிர் பிடியை விட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்தான் என்ற சேதி, அவன் மூன்றாவது எட்டு வைப்பதற்குள் பஜாரின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே கடைகளெல்லாம் இரும்புக் கன்டெய்னர்கள். ஒரு முனையில் ஒருத்தி பெருமூச்சு விட்டால் மறுமுனையில் இருப்பவள் காரணம் கேட்பாள். அதிலும் தெமிர் சாதாரணப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை.

"இனிமே பேரம் பேச என்கிட்ட ஒண்ணும் இல்லப்பான்னு மேல பார்த்துச் சொன்னேன். உடனே குடுத்துட்டான். முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்பாள் கானிஷாய், தெர்மாஸ் குடுவைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே.

பக்கத்துக் கன்டெய்னர் புருலுடையது. குழந்தைகளுக்கான சட்டை, தொப்பி, குளிர்காலக் காலுறை விற்பாள். புருஷன் ஜூமார்த் ரஷ்யாவில் கட்டட வேலை. ஏழு வயது மகள் சைதேயோடு அவள் ஒண்டியாகத்தான் குடும்பம் நடத்தினாள். வாங்க வந்தவர் கடை வாசலைத் தாண்டும் முன்பே அவருக்கு எத்தனை பிள்ளைகள், மாமியார் எப்படி, எந்த விலைக்குப் படிவார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். அவளை ஏமாற்றிய ஆள் அந்த வரிசையில் யாரும் இல்லை. ஏமாந்தது ஒரே ஒரு தரம். அதுவும் அவளிடமே.

"ஞாயித்துக்கிழமை தெமிருக்குக் கால்கட்டு வெட்டுறோம்" என்று வந்து நின்றாள் கானிஷாய். "ஆடு சொல்லியாச்சு. மூணு ஊர்லேருந்து சொந்தம் வருது. ஓடுறது உன் பொண்ணு, வெட்டுறதும் உன் பொண்ணு."

"யார் முதல்ல வராங்களோ அவங்கதானேக்கா வெட்டணும்? இப்பவே தீர்ப்பு சொல்றீங்களே."

"அதைத்தாண்டி நானும் சொல்றேன். அந்தக் குதிரைக்குட்டியை முந்த யார் இருக்கா?"

அது உண்மைதான். நடக்கத் தொடங்கிய குழந்தையின் கணுக்கால்களைக் கறுப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய கம்பளிக் கயிற்றால் கட்டி நிறுத்துவார்கள். பிள்ளைகள் தூரத்திலிருந்து ஓடி வருவார்கள். முதலில் வருகிறவர் கையால் கயிறு அறுபட்டால் அவருடைய கால்வேகமும் அதிர்ஷ்டமும் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும். சைதே இரண்டு வருஷத்தில் மூன்று குழந்தைகளுக்கு வெட்டியிருந்தாள். மூன்றும் தடுக்கி விழாமல் ஓடித் திரிந்தன. அதற்குப் பிறகு அவள் கைக்கு பஜாரில் ஒரு மவுசு வந்துவிட்டது. புருலுக்கும் அதில் பெருமைதான். தன் கடைச் சரக்கை யாராவது புகழ்ந்தால் சும்மா சிரித்து மழுப்புகிறவள், மகளின் கால்களைப் புகழ்ந்தால் மட்டும் கூடவே இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வாள்.

அந்த வாரம்தான் ஊரில் தட்டம்மை என்று பேச்சு அடிபட்டது. சைதேயின் பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். புருல் சும்மா இருக்கவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்தினாள். பூண்டைக் கோத்துக் கழுத்தில் போட்டாள். மூலிகையைத் தணலில் போட்டு மூலைக்கு மூலை புகை காட்டினாள். கடைக்கு வந்த ஒருத்தியின் பிள்ளை இருமியபோது, கையிலிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு "உங்க அளவு இல்லைங்க" என்று அனுப்பி வைத்தாள்.

செய்யாதது ஒன்றே ஒன்று. சைதேக்கு ஒரு வயதானபோது போட வேண்டிய ஊசியை அவள் போடவில்லை. வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பெண்கள் கைப்பேசியில் அனுப்பிக்கொண்ட ஏதோ ஒரு குரல் அவளைப் பயமுறுத்தியது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அவள் தொழில். காசு வாங்காமல் வீடு தேடி வந்து, "போட்டுக்கோ, போட்டுக்கோ" என்று கெஞ்சிக் கொடுக்கிற சரக்கை எந்த வியாபாரி நம்புவான்? நல்ல சரக்கு என்றால் அதற்கு வரிசை நிற்கும், விலை இருக்கும், இப்படித் தள்ளிவிடப் பார்க்க மாட்டார்கள். அப்படித்தான் அவள் அன்றைக்குக் கணக்குப் போட்டாள்.

பேட்டை நர்ஸ் தொக்தகான் நடுவாரத்தில் கடைகடையாக வந்தாள். கையில் பெயர்ப் பட்டியல்.

"புருல், உன் பொண்ணு பேர் சிவப்பு மையில இருக்கு. திங்கக்கிழமை கூட்டிட்டு வா."

"வரேங்க்கா."

"போன வருஷமும் வரேன்னுதான் சொன்ன."

"போன வருஷம் மரியாதைக்குச் சொன்னேன். இப்ப பயத்துல சொல்றேன்."

நர்ஸ் சிரித்தாள். அடுத்த கடையில் தெமிரைத் தூக்கிக் கன்னத்தைக் கிள்ளினாள். "இவனுக்கு ஒரு வயசு முடிய இன்னும் மூணு வாரம். முடிஞ்ச மறுநாளே கூட்டிட்டு வந்துடணும்."

"மறுநாள் என்னக்கா, வாசல் திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிப்பேன்" என்றாள் கானிஷாய். அவள் சொன்னால் நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சைதே எழுந்தபோது கண்கள் சிவந்திருந்தன. வறட்டு இருமல். புருல் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். வெப்பமானியை அக்குளில் வைத்துப் பார்த்தாள். முப்பத்தெட்டைத் தாண்டி நின்றது. உதறி மறுபடி வைத்தாள். விலை கட்டுப்படியாகாதபோது மறுபடி கேட்பதுபோல. அதுவும் இறங்கி வரவில்லை.

அவள் மனசுக்குள் ஒரு பேரம் ஆரம்பித்தது. நேற்று வாய்க்கால் தண்ணீரில் விளையாடினாள், சளியாக இருக்கும். உடம்பில் ஒரு புள்ளி இல்லை. தட்டம்மை என்றால் புள்ளி வர வேண்டாமா? அந்தப் பக்கம் பார்த்தால், ஆடு அறுத்தாகிவிட்டது. பதினோரு வருஷம் காத்திருந்தவள் வாசலில் நிற்கிறாள். வெட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்த கை அன்றைக்கு வராமல் போனால் பிள்ளையின் நடை நின்றுபோகும் என்று கிழவிகள் முணுமுணுப்பார்கள். புருலுக்குக் கண் பொறுக்கவில்லை என்று பஜார் சொல்லும். கடைசியில் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கும் ஒரு விலையை அவளே கண்டுபிடித்தாள். போகலாம். ஓடலாம். ஆனால் ஜெயிக்க வேண்டாம். வேறு பிள்ளை வெட்டட்டும்; சைதே தூரத்தில் நின்றுவிட்டு வந்துவிடட்டும்.

காய்ச்சல் சிரப்பை இரண்டு கரண்டி கொடுத்தாள். அரை மணியில் சூடு தணிந்தது. தலை பின்னும்போது காதில் சொன்னாள்: "இன்னைக்கு மெதுவா ஓடு. நீ ஜெயிக்கக் கூடாது. தெமிர் கிட்ட போகக் கூடாது. சரியா?"

"ஏம்மா?"

"எப்பவும் நீயே ஜெயிச்சா மத்த பிள்ளைங்க என்ன பண்ணும்?"

"வேகமா ஓடிப் பழகும்" என்றாள் சைதே. ஆனாலும் தலையாட்டினாள்.

வாய்க்காலுக்கு அப்பால் இருந்த புல்வெளியில் வெள்ளை விரிப்பைப் போட்டு, அதன் நடுவில் தெமிரை நிறுத்தியிருந்தார்கள். புதுத் தொப்பி புருல் கடையில் வாங்கியது. கால்கள் கட்டப்பட்டிருக்க, அவன் தன்னைச் சுற்றி ஏன் இத்தனை பேர் என்று விளங்காமல் எல்லோரையும் பார்த்து நான்கு பல் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். எதிர்முனையில் ஒன்பது பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

துண்டை வீசினார்கள். ஓட்டம் தொடங்கியது. அப்படி ஓர் ஓட்டத்தை அந்த ஊர் கண்டதில்லை. ஒன்பது பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மாமியார் வீட்டுக்குப் போகிற மருமகள்போல அசைந்து வந்தார்கள். ஒருவன் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். அவனுக்குத் துணையாக இன்னொருவனும் உட்கார்ந்தான்.

"என்னடா இது, சவ ஊர்வலமா? ஓடுங்கடா" என்று கத்தினார் கானிஷாயின் மாமனார். கத்திய பிறகு, சொல்லக் கூடாத வார்த்தை என்று தோன்றியதோ என்னவோ, தரையில் துப்பினார்.

"கானிஷாய் பெரியம்மாதான் சாக்லேட் குடுத்து சைதேயை முந்த விட்டுடச் சொன்னாங்க" என்றான் உட்கார்ந்திருந்தவன், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி. "அவ ஓடாம நின்னா நாங்க என்ன பண்றது?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கானிஷாய் முகத்தைத் தலைத்துணியால் மூடிக்கொண்டாள். "என் பிள்ளைக்கு நல்ல சரக்கு வேணும்னு பார்த்தேன், தப்பா?" என்று சிரிப்புக்கு நடுவே கேட்டாள். எல்லோரும் "சைதே, சைதே" என்று கைதட்டத் தொடங்கினார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டு நின்றுகொண்டிருக்க சைதேயின் கால்களால் முடியவில்லை. அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். புருல் தலையசைக்கத்தான் செய்தாள். ஆனால் பக்கத்தில் நின்ற ஒருத்தி அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். எது வேண்டாம் என்ற தலையசைப்பு, எது உலுக்கல் என்று ஏழு வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? சைதே பறந்தாள்.

அப்போதாவது புருல் வாயைத் திறந்திருக்கலாம். விரிப்புக்கும் அவளுக்கும் பத்தடி தூரம். இத்தனை சிரிப்பை எப்படி நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே கயிறு அறுந்துவிட்டது. சைதே தெமிரின் இரண்டு கைகளையும் பிடித்து நடத்தினாள். மூன்றடி, நாலடி. இருமல் வந்தது; கைகளை விடக் கூடாதென்று அவள் வாயை மூடவில்லை. அவன் அவள்மேல் சாய்ந்து முகத்தைக் கழுத்தில் புதைத்தான். வழக்கப்படி அவள் அவன் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காய்ச்சலைச் சாக்கிட்டுப் புருல் ஊசிக்குக் கூட்டிப்போகவில்லை. செவ்வாய்க்கிழமை சைதேயின் காதுக்குப் பின்னால் புள்ளிகள் கிளம்பி மத்தியானத்துக்குள் மார்புவரை இறங்கின. புருல் வெளிச்சம் கண்ணில் படாமலிருக்க ஜன்னலில் சிவப்புத் துணி கட்டிவிட்டு நர்ஸுக்குச் சொல்லி அனுப்பினாள். தொக்தகான் வந்து பார்த்தாள். திட்டவில்லை. அதுவே புருலுக்கு அச்சமாக இருந்தது.

"கடைசி நாலஞ்சு நாள்ல யாரோட பழகினா? யோசிச்சுச் சொல்லு. புள்ளி வரதுக்கு முன்னாடியே ஒட்டிக்கும். கைக்குழந்தை யாராச்சும் பக்கத்துல இருந்ததா? தொத்தி மூணு நாளைக்குள்ள ஊசி போட்டா தடுத்துடலாம். ஒரு வயசு ஆகாட்டியும் போடலாம்."

ஞாயிறு, திங்கள், செவ்வாய். புருல் விரல் மடக்காமலே எண்ணினாள். நாளை மத்தியானம்வரை நேரம் இருக்கிறது. தெமிர் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: காலையிலேயே காய்ச்சல் இருந்ததா?

"பள்ளிக்கூடத்துலதான் பிடிச்சிருக்கும்" என்றாள். "ஒரு வாரமா வீட்டை விட்டு எங்கயும் அனுப்பலக்கா."

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு நர்ஸ் வந்திருக்கவில்லை; சொன்னதை எழுதிக்கொண்டாள்.

நர்ஸ் போனதும் புருல் தலைத்துணியை எடுத்துக் கட்டினாள். நேராகக் கானிஷாயிடமே போய்ச் சொல்லிவிடலாம், நர்ஸிடம் சொல்வதைவிட அது மேல், என்று கிளம்பினாள். மகளைப் பக்கத்து வீட்டு மூதாட்டியின் பார்வையில் விட்டுவிட்டு பஜாருக்கு ஓடினாள். தெர்மாஸ் பெட்டிகளுக்கு நடுவே தெமிர் நடந்துகொண்டிருந்தான். விழவே இல்லை.

"பாருடி, பாரு" என்றாள் கானிஷாய். "உன் பொண்ணு வெட்டினதுலேருந்து ஒரு தரம்கூட விழல. காலையில பக்கத்து வரிசைவரை போயிட்டான். கடையை விட்டு ஓடுற வியாபாரியை இப்பத்தான் பார்க்கறேன். ஆமா, சைதே எங்க?"

"தொண்டை கரகரப்பு. வீட்ல இருக்கா."

"தேன் குடு. வெந்நீர் குடு. இந்தா, இந்தச் சின்ன தெர்மாஸை எடுத்துட்டுப் போ, என் பேரச் சொல்லிக் குடு."

புருல் அதை வாங்கிக்கொண்டாள். நாளைக் காலை சொல்லிவிடுவேன் என்று வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். காலையில் சைதேக்குக் காய்ச்சல் கொதித்தது. அவளை விட்டு நகர முடியவில்லை என்று காரணம் கிடைத்தது. மத்தியானம் தாண்டியதும், இனிமேல் சொல்லி என்ன பயன் என்று இன்னொரு காரணம் கிடைத்தது. காரணத்துக்கு மட்டும் அவள் கடையில் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

சைதே பத்து நாளில் தேறிவிட்டாள். அதே வாரம் தெமிர் படுத்தான். முதலில் காய்ச்சல், பிறகு புள்ளி, பிறகு மூச்சு. மாவட்ட ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார்கள். ஆறாம் நாள் காலையில் வெள்ளைத் துணியில் சுற்றித் தகப்பன் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஒரு வயது முடிய இரண்டு நாள் இருந்தது. ஆண்கள் மத்தியானத்துக்குள் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். அவ்வளவு சின்ன குழிக்கு அத்தனை ஆண்கள் தேவைப்படவில்லை. ஆளுக்கு ஒரு கை மண் போட்டதும் முடிந்துவிட்டது.

பெண்கள் நடுவில் கானிஷாய் ஒப்பாரி வைக்கவில்லை. ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் பஜாரைத் தாண்டி எங்கயும் கொண்டு போகலயே. எடை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேனே, அங்கதானா? சைதேக்குக்கூட அப்புறம்தானே புள்ளி வந்தது, ஓடின அன்னைக்கு நல்லாத்தானே இருந்தா. யார் பிள்ளை? யார்னு தெரிஞ்சாப் போதும். ஒண்ணும் செய்ய மாட்டேன். தெரிஞ்சாப் போதும்." புருல் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தன் கை அந்த முதுகில் எப்படித் தைரியமாக உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

அப்படியே இருந்திருப்பாள். பஜாரில் வளர்ந்தவளுக்கு முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியும். உடைத்தது சைதேதான்.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சைதே ஓடுவதை விட்டுவிட்டாள். மணியடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் பாய்ந்து வரும்போது அவள் சுவரோரமாக, எண்ணி எண்ணி அடி வைத்து வந்தாள். நோயின் அசதி என்று புருல் நினைத்தாள். குதிரைப் பால் வாங்கிக் கொடுத்தாள். இரண்டு வாரம் ஆயிற்று. ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

"ஓடு கண்ணு, நனையாதே."

சைதே ஓடவில்லை. நனைந்துகொண்டே சொன்னாள்: "நான் ஓடினாத் தப்பு வரும்மா."

"யார் சொன்னா?"

"நீதான் ஜெயிக்காதேன்னு சொன்ன. நான் கேக்கல. ஜெயிச்சிட்டேன். அதான் தெமிர் செத்துட்டான்."

புருல் மழையில் அப்படியே நின்றாள். குழந்தை அழவில்லை. ரொம்ப நாளாக வைத்திருந்ததைக் கையில் கொடுத்துவிட்ட நிம்மதியோடு அவள் முகத்தைப் பார்த்தது. புருல் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். "உன் தப்பு இல்ல, உன் தப்பு இல்ல" என்றாள்.

"அப்போ யார் தப்பு?" என்றாள் சைதே.

மறுநாள் வியாழக்கிழமை. இறந்தவர்களுக்காக எண்ணெய் காயவைத்து அப்பம் சுடும் நாள். அந்த மணம்தான் அவர்களுக்குப் போய்ச் சேரும். கானிஷாய் வீட்டு வாசலுக்கு வருமுன்பே புருலுக்கு எண்ணெய் வாசனை எட்டியது. கானிஷாய் அடுப்பு முன் தனியாக இருந்தாள். ஏழு அப்பத்தில் நாலு ஆகியிருந்தது. திரும்பிப் பார்த்து, "வாடி, உட்காரு" என்றாள்.

புருல் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். காலையில் கண் சிவந்திருந்தது, இருமல் இருந்தது, தெரிந்தே கூட்டிவந்தேன். சுருக்கமாகச் சொன்னாள், நீட்டினால் நடுவில் எங்காவது தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சேர்ந்துவிடும் என்று பயந்தாள்.

கானிஷாய் ஐந்தாவது அப்பத்தை எண்ணெயில் விட்டாள்.

"எவ்வளவு இருந்தது காய்ச்சல்?"

"முப்பத்தெட்டுக்கு மேல."

"மருந்து குடுத்தியா?"

"குடுத்தேன்."

"சூடு தெரியக் கூடாதுன்னு."

"ஆமா."

அப்பத்தைத் திருப்பிப் போட்டாள். "நர்ஸ் வந்தப்ப? யாரோட பழகினான்னு கேட்டிருப்பாளே."

"கேட்டாங்க. மூணு நாளைக்குள்ள ஊசி போட்டாத் தடுக்கலாம்னும் சொன்னாங்க. அது ரெண்டாவது நாள். நான் சொல்லல." கொஞ்சம் நிறுத்தி, "உங்ககிட்ட சொல்லலாம்னு அன்னைக்கே கடைக்கு வந்தேன். தெர்மாஸை வாங்கிட்டுத் திரும்பிட்டேன்" என்றாள்.

ஆறாவது அப்பம் கருகத் தொடங்கியது. கானிஷாய் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்துத் தனியாக வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில நீ சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சுப் பார்க்கறேன்" என்றாள். குரல் உயரவில்லை. "என்னை எனக்குத் தெரியும். சின்னக் காய்ச்சல்தானே, கூட்டிட்டு வாடின்னு சொல்லியிருப்பேன். இல்ல, வராதன்னு தடுத்திருக்கவும் செய்வேன். ரெண்டுல எதுன்னு எனக்கு இனிமே தெரியவே தெரியாது. ஆனா செவ்வாய்க்கிழமை..." அவள் முடிக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை நீ சொல்லியிருந்தா அவனைத் தூக்கிட்டு ஓடியிருப்பேன். அது எனக்குத் தெரியும்."

"அக்கா..."

"அப்படிக் கூப்பிடாத."

ஏழாவது அப்பத்தை எடுத்துவைத்து அடுப்பை அணைத்தாள். இரண்டு கைகளையும் ஏந்தி வாய்க்குள் ஓதினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டபோது கைகள் கொஞ்ச நேரம் கண்ணிலேயே நின்றன.

"சைதே எப்படி இருக்கா?"

"தன்னாலதான்னு நினைச்சுட்டு இருக்கா. ஜெயிச்சதால."

கானிஷாய் அப்பங்களைத் தட்டில் அடுக்கினாள். "நாளைக்கு அவளை அனுப்பு. தனியா அனுப்பு. நான் அவகிட்ட பேசறேன். அது குழந்தை."

தட்டிலிருந்து ஓர் அப்பத்தை எடுத்துப் புருலின் பக்கம் நீட்டினாள். புருலுக்குக் கை நீளவில்லை.

"வாங்கிச் சாப்பிடு. இது உனக்காக இல்ல, அவன் பேருக்கு. வீட்டுக்கு வந்த யாரும் சாப்பிடாமப் போகக் கூடாது."

புருல் வாங்கிக் கடித்தாள். சூடாக இருந்தது. மெல்ல முடியாமல் மென்று, விழுங்க முடியாமல் விழுங்கினாள். கானிஷாய் அவள் கடைசி வாய் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வியாழக்கிழமை வராத" என்றாள்.